பந்தலுக்குள் பியர்: கொடுப்பது வேறு, விற்பது வேறு

வாசகர் கடிதத்தின் சுருக்கம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்து 31 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை. தகப்பன் இல்லை. குடியால் ஈரல் கெட்டு, இவருக்குப் பதினாறு வயதாக இருக்கும்போதே போய்விட்டார். வீட்டில் அம்மாவும் தங்கச்சியும். மூத்த அண்ணன் சுவிஸில். வரும் ஆவணியில் தங்கச்சிக்குக் கலியாணம். காலையில் கோயிலில் தாலிகட்டு, மத்தியானம் மரக்கறிச் சாப்பாடு, பின்னேரம் வீட்டு வளவில் பந்தல் போட்டு வரவேற்பு. அழைப்பு 260 பேருக்கு.

அண்ணன் ஒரே பிடியாக நிற்கிறார்: "மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு பியர்கூடக் குடுக்கேல்லையெண்டால் எங்களை மதிக்க மாட்டினம்." அம்மா சொல்வது வேறு: "இந்த முற்றத்தில அந்த மணம் திரும்ப வரக்கூடாது." கடைசியில் சாராயம் இல்லை, பியர் மட்டும் என்று ஒரு சமாதானம். அம்மா அரைமனதோடு தலையாட்டியிருக்கிறா.

ஆளுக்கு மூன்று போத்தல் என்று தம்பி கணக்குப் போட்டிருக்கிறார். 260 பேருக்கு 780 போத்தல், 65 கேஸ். அண்ணன் அனுப்பும் காசு அதற்குக் காணாது. மிச்சத்துக்கு அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். செலவைக் குறைக்க நண்பர்களும் சொந்தக்காரரும் ஆளுக்கொரு வழி சொல்லியிருக்கிறார்கள். பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தரும் ஒருவரை வவுனியாப் பக்கம் ஒரு நண்பருக்குத் தெரியும். இன்னொருவர், வருபவர்களுக்கு டோக்கன் கொடுத்துக் கொஞ்சக் காசு வாங்கச் சொல்கிறார். ஒன்றுவிட்ட மாமா யூரியூப் பார்த்து வீட்டிலேயே காய்ச்சித் தருகிறேன் என்கிறார். பியர் கம்பனியிடம் ஸ்பொன்சர் கேட்கலாம் என்பது வேறொரு யோசனை. இதெல்லாம் சரிவராவிட்டால், பத்துப் பேரை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி மச்சானின் பட்டா என்ற சிறு லொறியில் ஏற்றி வீட்டில் சேர்த்து வைப்பது. கேள்வி இதுதான்: "வீட்டு விசேஷம்தானே, அதுவும் பியர்தானே, சட்டத்தில என்ன பிரச்சினை வரப்போகுது?"

பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மலிவாக வாங்கும் வழியைத்தான் கேட்கிறீர்கள். ஆனால் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கச்சியின் கலியாணத்தைத் தோளில் தாங்கும் ஒரு பிள்ளை, அண்ணனையும் நோகடிக்காமல் அம்மாவையும் நோகடிக்காமல் ஒப்பேற்றப் பார்க்கும் தவிப்பு வரிக்கு வரி தெரிகிறது. ஆகவே முதலில் ஆறுதலான செய்தி. உங்கள் வீட்டு வளவில், உங்கள் விருந்தினருக்கு, உங்கள் காசில் வாங்கிய பியரைச் சும்மா கொடுப்பது குற்றம் இல்லை. அதை எப்படி வாங்குகிறீர்கள், எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், எதில் ஏற்றுகிறீர்கள், யாரிடமாவது காசு வாங்குகிறீர்களா என்பவற்றில்தான் சட்டம் குறுக்கே வரும். நண்பர்கள் சொன்ன ஐந்து வழிகளில் ஒன்றுகூட உங்களுக்கு உதவாது. சில வழிகள் உங்கள் வேலையையே ஆட்டிவிடும்.

"பியர்தானே" என்ற எண்ணம்

நம் ஆட்களில் பாதிப்பேர் பியரைச் சோடாவுக்கு ஒரு படி மேலான பானமாகத்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. எத்தனையோ திருத்தங்கள் வந்தாலும் எலும்புக்கூடு வெள்ளைக்காரன் காலத்ததே. அதன் பார்வையில் சாராயம், கள்ளு, பியர் எல்லாம் மதுவரிக்கு உட்பட்ட பொருட்கள். செய்யவும் விற்கவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். அளவுக்கு மேல் வைத்திருக்கவும் ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும்.

உடம்புக்கும் இதே கணக்குத்தான். நம் கடைகளில் கிடைக்கும் பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். சாதாரண பியரான லயன் லாகரில் மதுசாரம் 4.8 வீதம். அப்படியென்றால் ஒரு போத்தலுக்குள் 30 மில்லிலீற்றர் தூய மதுசாரம் இருக்கிறது, நிறையில் ஏறத்தாழ 24 கிராம். காரம் கூடிய ஸ்ட்ரோங் பியர் 8.8 வீதம். அதே போத்தலில் 55 மில்லிலீற்றர். இரண்டு ஸ்ட்ரோங் குடித்தவர் ஏறக்குறைய நாலு லாகர் குடித்தவர். சராசரி ஆளின் உடம்பு ஒரு மணித்தியாலத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஒரே ஒரு லாகர் போத்தல் இறங்க மூன்று மணித்தியாலம் பிடிக்கும். தேசிக்காய்த் தண்ணியோ மோரோ அதை விரைவுபடுத்தாது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

டோக்கன் வேண்டவே வேண்டாம்

உங்கள் கடிதத்தில் எனக்கு நெஞ்சு பக்கென்ற இடம் இதுதான். "விக்கிறதுக்கில்லை அக்கா, செலவில பாதி திரும்பி வந்தால் காணும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இலாபம் இல்லாவிட்டால் அது விற்பனை இல்லை என்று நீங்கள் நம்புகிறீர்கள். மதுவரிக் கட்டளைச் சட்டம் விற்பனை என்ற சொல்லுக்குக் கொடுக்கும் பொருள் மிக அகலமானது. நன்கொடையாகக் கொடுப்பது தவிர்ந்த எந்தக் கைமாற்றமும் அதற்குள் அடங்கிவிடும். நட்டத்துக்குக் கொடுத்தாலும் விற்பனைதான். ஒரு போத்தலுக்கு நூறு ரூபா வாங்கினாலும் விற்பனைதான். டோக்கன் அச்சடித்தால், அந்தத் துண்டுகளே உங்களுக்கு எதிரான சான்றுப்பொருளாக மேசையில் கிடக்கும்.

இதனால் மொய் எழுதுவதோ என்வலப் வாங்குவதோ பிழை என்று பயப்பட வேண்டாம். அது கலியாணத்துக்கான அன்பளிப்பு, போத்தலுக்கு விலை இல்லை. உங்கள் கூட்டாளிகள் நாலு பேர் கலியாணச் செலவுக்கென்று முன்கூட்டியே ஒரு தொகை தந்தால் அதுவும் அன்பளிப்பே. பியருக்கு இவ்வளவு என்று தலைக்குக் கணக்குப் பார்த்துப் பிரிப்பதும், வாசலில் பெட்டி வைப்பதும், குடித்தவரிடம் மட்டும் காசு கேட்பதும் கூடாது. பந்தல்காரரோ சமையல்காரரோ தன்பாட்டில் ஒரு மூலையில் வைத்து விற்கவும் விடாதீர்கள். வளவு உங்களுடையது. காணி அனுமதிப்பத்திரம் அம்மாவின் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக்காரி என்ற வகையில் விசாரணை முதலில் வந்து நிற்பது அந்த மனுசியின் முன்னால்தான்.

பில் இல்லாத மலிவு

போத்தல் பியரின் விலையில் பெரும் பங்கு வரி. மதுசாரத்தின் அளவை வைத்து மதுவரி விதிக்கிறார்கள். 2024 தை மாதத்தில் இருந்து 18 வீதமாக இருக்கும் பெறுமதி சேர் வரி அதற்கு மேல். கடைக்காரருக்கு மிஞ்சுவது சிறிய பங்கு. ஆகவே உரிமம் உள்ள கடையில் கேஸ் கணக்காக எடுத்தாலும் பெரிய கழிவு எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் ஒருவர் கடை விலையை விட நல்லாய்க் குறைத்துத் தருகிறார் என்றால் நான் சந்தேகப்படுவேன். வரி கட்டாத சரக்கோ, களவெடுத்ததோ, திகதி முடிந்ததோ, ஏதோ ஒன்று அதற்குள் இருக்கும். பில் இல்லாத பொருளோடு நீங்கள் பிடிபட்டால், "எனக்குத் தெரியாது ஐயா" என்பதைத் தவிரச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சில வருடங்களுக்கு முன் நான் சட்டத்தரணியாகத் தோன்றிய ஒரு வழக்கு. ஊர், பெயர் வேண்டாம். சாமத்திய வீட்டுக்கென்று வாங்கிய சரக்கு, வாடகை வாகனத்தில் வந்தது. வழியில் மறித்தார்கள். பில் இல்லை, அனுமதி இல்லை. தண்டப்பணத்தை ஒருவாறு கட்டி முடித்தார்கள். ஆனால் சட்டவிரோதமாக மதுசாரம் ஏற்றிய வாகனத்தையும் அரசுடைமையாக்க இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்தச் சாரதி லீசிங் கட்டிக்கொண்டிருந்த வாகனத்துக்காக நீதிமன்ற வாசலில் நின்று அழுததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் மச்சானின் பட்டாவும் லீசிங்கில்தான் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாமாவின் காய்ச்சலும் கம்பனியின் உதவியும்

வீட்டில் பியர் காய்ச்சுவது சில நாடுகளில் பொழுதுபோக்கு. மாமா பார்த்த காணொளி அப்படி ஒரு நாட்டில் எடுத்ததாக இருக்கும். இங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுசாரம் செய்வது, குடிப்பதற்கென்றாலும் கொடுப்பதற்கென்றாலும், குற்றம். நம் பக்கத்தில் கசிப்புக்கும் (கள்ளச் சாராயம்) கோடாவுக்கும் (அதற்கான ஊறல்) நடக்கும் தேடுதல்கள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. பீப்பாய்க்குள் நுரைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்க்கும் உத்தியோகத்தர் அது பார்லியா சீனியா என்று முகர்ந்து பார்த்துத் திரும்பிப் போக மாட்டார். சரியாகப் புளிக்காதது, அழுக்குப் பட்டது, வாயு அடைத்து வெடிக்கும் போத்தல் என்று வேறு ஆபத்துகளும் உண்டு. மாமாவின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள். பந்தல் போடும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

ஸ்பொன்சர் கதை இரண்டு வரியில் முடியும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபைச் சட்டம் மதுசார விளம்பரத்தையும் அனுசரணையையும் தடை செய்திருக்கிறது. கம்பனியிடம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பத்துப் பேர் வாங்கினால் பத்துப் பங்கா?

இல்லை. ஒருவர் அனுமதி இல்லாமல் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கு ஓர் உச்ச அளவு உண்டு. அது மதுசாரத்தின் வகைக்கு வகை மாறும், வர்த்தமானி அறிவித்தலால் திருத்தப்படும். பத்துக் கைகளால் வாங்கினாலும் ஒரே அறையில் அடுக்கிவைத்தால் அது ஒரே இருப்பாகத்தான் பார்க்கப்படும். பிரித்து வாங்கியதே மறைப்பதற்கான முயற்சி என்று எதிர்த்தரப்பு வாதாடவும் இடமுண்டு.

இதை நேர்வழியில் தீர்க்கலாம். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான மதுவரி நிலையத்துக்கு இப்போதே போங்கள். கலியாணத்துக்கு முதல் வாரம் ஓடிப்போனால் முகம் பார்க்கவும் நேரம் இருக்காது. பியருக்கு இன்றைய உச்ச அளவு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தேவை என்றால் எழுத்தில் அனுமதி கேளுங்கள். கடிதத்தில் விசேஷம் என்ன, எங்கே, எந்தத் திகதி, எத்தனை போத்தல், எந்த உரிமம் பெற்ற கடையில் வாங்கப் போகிறீர்கள், எந்த வாகனத்தில் எந்த நேரத்தில் ஏற்றப் போகிறீர்கள் என்பன இருக்கட்டும். விற்பனைக்கு அல்ல, விருந்தினருக்கு இலவசமாகக் கொடுப்பதற்கே என்று தெளிவாக ஒரு வரி எழுதுங்கள். அழைப்பிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் கடிதம் மூன்றையும் இணையுங்கள். கையில் பதில் கடிதம் இல்லாமல், "அவர் ஓமெண்டவர்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பட்டாவை எடுக்க வேண்டாம்.

அனுமதி கிடைக்கவில்லை என்றால், அனுமதிக்கப்பட்ட அளவோடு நிறுத்துங்கள். அல்லது வரவேற்பை மதுசார உரிமம் உள்ள ஹோட்டல் ஒன்றில் வைக்கலாம். அங்கே பரிமாறும் பொறுப்பு அவர்களுடையது. ஆனால் தலைக்கணக்கில் செலவு எகிறும். உங்கள் நிலைமைக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நீங்கள் அரச ஊழியர் என்பதையும் மறக்கக் கூடாது. நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஏற்றுத் தண்டப்பணம் கட்டுவது சிலருக்கு ஒரு நாள் அலைச்சல். உங்களுக்கோ அது திணைக்களத்தில் விளக்கம் கேட்கும் கடிதமாக, ஒழுக்காற்று விசாரணையாக, பதவி உயர்வில் ஒரு தடையாக நீளக்கூடும்.

உண்மையில் எத்தனை போத்தல் வேண்டும்?

செலவைக் குறைக்கும் வழி உங்கள் கடிதத்தோடு நீங்களே இணைத்திருக்கும் அழைப்புப் பட்டியலுக்குள் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். பெண்கள் 118. 21 வயதுக்குக் குறைந்தவர்கள் 54. வயது வந்த ஆண்கள் 88. உங்கள் ஊர் வழக்கத்தில் பந்தலில் பெண்கள் குடிப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரம் விற்பதையே மேற்சொன்ன 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. விருந்து என்றாலும் நீங்கள் அந்த வயதை வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் 88 பேரில் குடியைத் தொடாதவர்கள், விரதகாரர், சபைக்குப் போகிறவர்கள் என்று 20 பேருக்கு நீங்களே புள்ளடி போட்டிருக்கிறீர்கள். மிச்சம் 68. ஆளுக்கு இரண்டு லாகர் வைத்தால் 136 போத்தல். ஒரு கேஸில் 12 என்றால் 12 கேஸ், 144 போத்தல். எட்டுப் போத்தல் மிச்சம் வரும்.

65 கேஸ் எங்கே, 12 கேஸ் எங்கே! நீங்கள் நினைத்த செலவில் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. அண்ணன் அனுப்பும் காசுக்குள் இது அடங்கும். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே கிடக்கட்டும். தம்பி, வன்னியில் கலியாணக் கடனும் சாமத்தியக் கடனும் கிழமைக் கடன்காரரைப் படலைக்குக் கூட்டிவந்த வீடுகள் எத்தனை என்று நீங்கள் உங்கள் அலுவலகத்திலேயே பார்க்கிறீர்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அது போனது. ஒரு பின்னேரத்துப் பியருக்காக நகை அடகுக்குப் போவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது.

வாங்கும்போது கவனிக்க இன்னும் சில. ஸ்ட்ரோங் வேண்டாம், லாகர் மட்டும். "காசுக்குக் கூட ஏறும்" என்று சொல்லி ஸ்ட்ரோங் எடுக்கச் சொல்வார்கள். சண்டையும் அதற்கேற்ற அளவில் ஏறும். வெறும் போத்தலுக்கும் கேஸுக்கும் வைப்புக் காசு பிடித்திருந்தால், அடுத்த நாள் போத்தல் பொறுக்க இரண்டு பேரை இப்போதே சொல்லி வையுங்கள். அந்தக் காசு திரும்பும். குளிரவைக்க மீன்வாடிகளுக்குக் கொண்டுபோகும் ஐஸ் கட்டியை வாங்கலாம், கடை ஐஸை விட மலிவு. றெஜிபோம் பெட்டி, பழைய தண்ணீர்த் தொட்டி எதுவும் போதும். ஆனால் அந்த ஐஸ் போத்தலுக்கு வெளியே மட்டும்தான், கிளாஸுக்குள் போடக் கூடாது.

திகதியைப் பாருங்கள். கலியாணம் போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, அடுத்த நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். போயா அன்று மதுக்கடைகள் பூட்டு. கலியாணத்தன்று காலையில் உங்களுக்குக் கோயில் வேலை. ஆக, போயாவுக்கு முதல் நாளே எடுத்து இரண்டு இரவு வீட்டில் வைக்க வேண்டி வரும். அனுமதிக் கடிதத்தில் அந்த நாட்களும் அடங்க வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கள்ளு பற்றி ஒரு சொல்

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் வயதான ஆண்கள் பலர். அவர்களில் சிலருக்குப் பியரை விடக் கள்ளுத்தான் பிடிக்கும். விலையும் குறைவு, காசும் நம் ஊர்ச் சீவல் தொழிலாளரின் கைக்கே போகும். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு எடுங்கள். இதற்கும் உச்ச அளவு உண்டு, அதே மதுவரி நிலையத்தில் அதையும் சேர்த்துக் கேளுங்கள். பனங்கள்ளு கோடையில்தான் நிறைவாக இறங்கும், ஆவணியில் எவ்வளவு கிடைக்கும் என்று சங்கத்திடம் முன்னரே விசாரியுங்கள். கள்ளு நேரம் போகப் போகப் புளிக்கும், காரம் ஏறும். அன்றன்றே எடுத்து அன்றன்றே முடிக்க வேண்டும்.

அன்று பின்னேரம்

எனக்கு மிகவும் கவலை தருவது வீட்டுக்குத் திரும்பும் பாதைதான். உங்கள் விருந்தினரில் முக்கால்வாசிப் பேர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது வாகனம் ஓட்டுவதற்கான சட்ட எல்லை. இரண்டு லாகர் குடித்த மெலிந்த ஆள் அதற்குக் கிட்டவே நிற்பார், தாண்டவும் கூடும். இரண்டு ஸ்ட்ரோங் குடித்தவர் தாண்டிவிடுவார். பிடிபட்டால் அந்த இடத்தில் தண்டச் சீட்டோடு முடியாது, நீதிமன்றம் போக வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இழக்க நேரலாம். பொலிஸ் பிடிப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். ஏ9 வீதியிலும் உள்வீதிகளிலும் இருட்டில் படுத்துக் கிடக்கும் மாடுகள் யாரையும் எச்சரிப்பதில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்களுக்கு யானையும் உண்டு.

ஆகவே பியரைச் சாப்பாட்டுக்குப் பிறகு அல்ல, சாப்பாட்டோடு கொடுங்கள். ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குப் போத்தல் திறப்பதை நிறுத்துங்கள். பரிமாறும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள். குடிக்காத, வயது வந்த, "காணும் அண்ணை" என்று சொல்லத் தயங்காத ஒருவர் வேண்டும். போத்தல் எடுத்துவரச் சின்னப் பெடியன்களை அனுப்ப வேண்டாம். தூரத்து ஆட்களுக்கு ஒரு சிறு பஸ்ஸும், கிட்டத்து ஆட்களுக்கு இரண்டு ஓட்டோவும் பேசி வையுங்கள். 53 கேஸில் மிச்சம் பிடித்த காசில் ஒரு துளி அதற்குப் போகட்டும். மேசையைச் சமையல் கொட்டிலுக்கும் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கும் எட்ட, வளவின் மறுபுறம் போடுங்கள். குடிக்காதவர்களுக்கு நெல்லி ரசமும் மோரும் அதே குளிரில், அதே மரியாதையோடு இருக்கட்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்து, இரவு 10 மணிக்கு முன் பாட்டை நிறுத்துங்கள்.

அண்ணனும் அம்மாவும்

பியர் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எந்தச் சாத்திரமும் இல்லை. நீங்கள் அதை ஒரு முடிந்த விஷயமாக எழுதியிருப்பதால் மட்டும் சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. அண்ணன்தான் அப்படி நினைக்கிறார். பதினைந்து வருடம் வெளியில் இருக்கிற பிள்ளைக்கு, தங்கச்சியின் கலியாணத்தில் தன் பங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த 12 கேஸ் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள். 65 கேஸுக்குக் கடன் படுவதை விட, அந்தக் காசில் தங்கச்சியின் பெயரில் ஒரு நிலையான வைப்புப் போட்டால் அண்ணனின் பங்கு பல வருடத்துக்குத் தெரியும் என்றும் சொல்லலாம். மாப்பிள்ளையின் தகப்பனிடம் நேரே கேட்பதிலும் பிழை இல்லை: "மாமா, எங்கட வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கு உது விருப்பமில்லை, கொஞ்சமாத்தான் வைக்கப் போறம்." பெரும்பாலும் அவர்களே விட்டுக்கொடுப்பார்கள்.

அம்மாவிடம் மட்டும் ஒரு தரம் தனியே கேளுங்கள், அண்ணன் லைனில் இல்லாத நேரத்தில். அரைமனதாகத் தலையாட்டியவர் அந்த வீட்டில் தகப்பனின் கடைசி மாதங்களைத் தனியாகச் சுமந்தவர். முற்றத்தில் வேண்டாம், பின்வளவுத் தென்னைகளுக்குள் என்றால் பரவாயில்லை என்று சொல்லக்கூடும். முழுக்கவே வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் அந்த 12 கேஸையும் விட்டுவிடுங்கள். அண்ணனோடு பேசும் பொறுப்பை வேண்டுமானால் என் தலையில் போடுங்கள், இந்தப் பதிலை அவருக்கு அனுப்புங்கள்.

பியர் வைப்பதாக முடிவானால், மதுவரி நிலையத்துக்கான கடிதத்தை எழுதி, கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள். வசனம் பார்த்துத் திருத்தித் தருகிறேன். வாகன இலக்கத்தையும் வைத்திருக்கும் நாட்களையும் எழுத மறந்துவிடாதீர்கள்.